தளும்பத் தளும்ப ஒரு கோப்பை

கதவைத் திறந்தவர் பனியனும் வீட்டுச் செருப்புமாக நின்றார். "வாங்க, வாங்க. நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க" என்று தொப்பையை ஒதுக்கி வழிவிட்டார்.

யெர்மெக்குக்கு அந்த வீட்டுக்காரரை உடனே பிடித்துப்போயிற்று. அல்மாத்தியில் கணினி ஓவியங்களைச் சோதிக்கப் போகிறவரை யாரும் இப்படி வரவேற்பதில்லை.

கண்காட்சிக்கு வீட்டுக்காரி ஷோல்பான் அனுப்பிய படத்தை அவள் கைதான் வரைந்ததா, இயந்திரம் போட்டதா என்று யெர்மெக் சொல்லியாக வேண்டும். இயந்திரம் என்றால் படம் வெளியே.

ஷோல்பான் தேநீரோடு வந்தாள். தலைமை இடத்தில் பனியன்காரர் சாய்ந்துகொண்டார்.

"வரைஞ்ச கோப்பு இருக்காம்மா? ஒவ்வொரு கோடும் அதுல தெரியும்" என்று கேட்டார் யெர்மெக்.

"இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல யாரோ டீயைக் கொட்டிட்டாங்க."

பனியன்காரர் கூரையை ஆராய்ந்தார். பிறகு, "சர்க்கரையை மறுபடியும் இடம் மாத்திட்டீங்களா?" என்றார்.

யெர்மெக் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். விரிப்பு, ரொட்டி, முதுகு காட்டி உட்கார்ந்த ஒரு விருந்தாளி, அவர் முன்னால் விளிம்புவரை நிறைந்த தேநீர்க் கோப்பை.

"மாட்டிக்கிட்டீங்க. மெஷின் வழக்கமாக் கோட்டை விடற விரலெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா விருந்தாளிக்கு எந்தக் கசாக் பொம்பளை இப்படி நெறைய ஊத்துவா? அரைக் கோப்பைன்னா 'இன்னும் இருங்க'. முழுக் கோப்பைன்னா 'குடிச்சிட்டுக் கிளம்பு'. இது ஆட்டுக்குட்டிக்கே தெரியும். மெஷினுக்குத்தான் தெரியாது."

"அதெல்லாம் அந்தக் காலம்ங்க" என்றார் பனியன்காரர்.

ஷோல்பான் வாதாடவில்லை. பனியன்காரருடைய கோப்பையை வாங்கித் தளும்பத் தளும்ப ஊற்றி நீட்டினாள். அவர் ஒரு சொட்டுச் சிந்தாமல் உறிஞ்சினார். அவ்வளவு பழக்கம்.

யெர்மெக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போய், "என்னம்மா இது, கட்டின புருஷனையே கிளம்பச் சொல்றீங்க?" என்று கிசுகிசுத்தார்.

"அவர் வேலைக்குப் போயிருக்கார். இது எங்க சம்பந்தி. பனி கொட்டறப்ப ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறேன்னு வந்தார்."

ஜன்னலுக்கு வெளியே நடுக்கோடை; பாதாமி மரத்தில் பழம் பழுத்துத் தொங்கியது.

"டீயில சொல்லிப் பாத்தேன், ஏறல. ஊரே பாக்கறாப்ல படமா மாட்டினாலாவது ஏறுமான்னு வரைஞ்சேன்."

யெர்மெக் அடுப்படியிலேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். "இந்த ஆத்திரம் எந்த மெஷினுக்கும் வராது தாயே" என்றார்.

கூடத்துக்கு வந்து, "படம் தேறிருச்சு. அடுத்த வருஷ வசந்தக் கண்காட்சியில பெரிய திரையில போடுவோம்" என்று அறிவித்தார்.

சம்பந்திக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது. கோப்பையை நீட்டினார்.

"அதைப் பாக்காம நான் எங்கயும் போறதா இல்ல."