இவருக்குப் பதில் இவர்

"கோமளவல்லியாக இனி இவருக்குப் பதில் இவர்" என்று டிவியில் எழுத்து ஓடியதும், சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாகப் பார்த்த முகத்தைக் காணோம். வேறொருத்தி அதே பட்டுப்புடவையில், அதே தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிற்கிறாள்!

கோமளவல்லி எந்தச் சபதம் போட்டாலும் பல்லி உடனே "ச்ச்ச்" என்று சொல்லிவிடும். சீரியலைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரி பிரேமாவும், "நம்ம பல்லியே சொல்லிடுச்சு, பலிச்சிடும்" என்று நாற்காலிக் கையை மூன்று தரம் தட்டுவாள்.

"இவளுக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றது பல்லி. "வந்தவளையெல்லாம் கோமளவல்லின்னு ஒத்துக்க நான் என்ன இளிச்சவாயா?"

"உனக்கு முன்னாடி இதே இடத்துல வேற ஒரு பல்லி இருந்துச்சு," என்றது கடிகாரம். "கதவிடுக்குல மாட்டிச் செத்துப்போச்சு. மறுவாரம் நீ வந்தே."

பல்லி திடுக்கிட்டது. "பிரேமா என்ன சொன்னா?"

"நீ முதல் தடவை சத்தம் கொடுத்ததும், 'நம்ம பல்லி சொல்லிடுச்சு'ன்னா."

பல்லி தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. கீழே பிரேமா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, சேனலை மாற்ற ரிமோட்டை எடுத்தாள்.

டிவியில் புதியவள் அழுதுகொண்டே நிமிர்ந்தாள். "யார் என்ன சொன்னாலும் இது என் வீடுதான்!"

"ச்ச்ச்."

பிரேமா ரிமோட்டை மடியில் போட்டுவிட்டு, நாற்காலிக் கையை மூன்று தரம் தட்டினாள்.