எஞ்சினைப் பூட்டியவன்

"எங்கடா அது? என் பிள்ளையக் கொன்ன சாமான் எங்க?"

அலிசி வந்து நின்ற வேகத்தில் பட்டறை வாசலில் இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

எஞ்சின் மெக்கானிக் மோசேசே நிமிர்ந்து பார்த்தான். தரையில் விரித்த பாயில் அவனுடைய கருவிகளெல்லாம் விலைக்குக் கிடந்தன. மதியக் கப்பலில் அவன் பாங்காய் என்ற அந்தத் தீவு ஊரை விட்டே போகிறான். ஐந்து மாதமாக ஒருத்தரும் அவனிடம் எஞ்சின் கொண்டு வரவில்லை. சர்ச்சில் அவன் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் அலிசியின் மகன் பெனி மீன் பிடிக்கத் தனியாகப் போயிருந்தான். பவளப்பாறைக்கு அந்தப் பக்கம் படகு எஞ்சின் நின்றுபோனது. அலை தூக்கிப் பாறையில் அடித்தது. பத்தொன்பது வயது.

மறுநாள் எஞ்சினைக் கரைக்கு இழுத்து வந்து திறந்தார்கள். வால்வு ஒன்று கழன்று உள்ளே விழுந்து நொறுங்கியிருந்தது. எஞ்சினைப் பூட்டும்போது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து, வால்வு கழலாமலிருக்க அதன் தண்டில் இரண்டு சின்ன லாக்குகளைச் சரியாக உட்கார வைக்க வேண்டும். உட்காரவில்லை.

"யார் பூட்டின எஞ்சின் இது?" என்று ஊர் கேட்டது.

"நான்தான்" என்றான் மோசேசே.

அப்புறம் மன்னிப்புக் கேட்கிற ஊர் வழக்கப்படி ஒரு பன்றியும் பாயும் கொண்டுவந்து, அலிசி வீட்டு முற்றத்தில் ஒரு பகல் முழுக்கத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன் சைமோனே வெளியே வரவேயில்லை. உள்ளே இருந்தபடியே சபித்தார்.

"இதுதான் அக்கா" என்று மோசேசே இப்போது ஒரு இரும்புக் கவ்வியை எடுத்து நீட்டினான். பெனியின் எஞ்சினைப் பூட்டும்போது ஸ்பிரிங்கை அமுக்கிய கவ்வி. "காசு வேண்டாம்."

"உன் தர்மம் எனக்கு எதுக்கு? வெலையச் சொல்லு. வாங்கிக் கடல்ல எறியணும்."

"இரும்மா, எறியறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று பக்கத்துத் தீவிலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர் அதை வாங்கினார். வாயை விரித்து, விரலால் அளந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ஆகாது. இது கார் எஞ்சினுக்குத்தான் லாயக்கு. நம்ம படகுல இருக்கற மூணு சிலிண்டர் டீசலுக்கு எட்டாது. கோணலா நிக்கும். லாக் பாதிதான் உக்காரும்."

"என் பிள்ளை படகுலயும் அதே எஞ்சின்தான்" என்றாள் அலிசி.

"அப்ப இந்த மாதிரி அகல வாய் வேணும்" என்று அவர் பாயின் மூலையில் இருந்த ஒரு பெட்டியை எடுத்தார். "அட, சரியான சைசு. பிரிக்கவே இல்லியே!"

பெட்டி மேல் கப்பல் சரக்குச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. வந்து இறங்கிய தேதி ஜூன் ஒன்பது.

பெனியைப் புதைத்தது ஜூன் ஐந்து.

படகுக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டு போகும்வரை அலிசி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருபது வருஷமா இந்தத் தொழில் பண்றே. அந்த ஆளுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாதா? சின்னதை வெச்சு நீ எப்படிடா பூட்டுவே?"

"விடுங்க அக்கா. கப்பலுக்கு நேரமாச்சு."

"சொல்லுடா!"

மோசேசே ஸ்பேனர்களைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னான். "பழசு ஒடஞ்சுபோச்சு, புதுப் பெரிய கவ்வி அடுத்த கப்பல்ல வந்துடும், அதுவரைக்கும் பொறுங்கன்னுதான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

அவன் துணியை இறுக்கி முடிந்தான்.

அலிசிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எஞ்சின் பூட்டிய அந்த வாரம் சைமோனே சட்டை முழுக்க கிரீஸோடு வந்தார். மோசேசேவுக்கு ஒத்தாசை பண்ணினேன் என்றார். அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டவள் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் மோசேசே சொன்னான்.

"மீன் வர்ற நேரம், காத்துக்கிட்டிருக்க முடியாது, இருக்கறதைக் குடு, நானே பூட்டிக்கறேன்னார். குடுத்தது நான்தானே? அதனால நான் சொன்னது முழுப் பொய்யில்ல அக்கா."

"ஏண்டா... ஏண்டா உன் தலைல போட்டுக்கிட்ட?"

"ஊர் கேட்டப்போ அண்ணன் வாயத் தொறக்கப் போனார். அவர் கண்ணைப் பாத்தேன். சொன்ன கையோட கடலுக்குள்ள எறங்கிடுவார்னு தோணுச்சு. முந்திக்கிட்டேன்."

அலிசி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கப்பல் ஊதியது. மோசேசே ஒற்றைப் பையோடு துறைமுகத்தைப் பார்த்து நடந்தான். வழியனுப்ப ஒரு நாய்கூட இல்லை.

வீட்டில் சைமோனே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஒழிஞ்சானா அந்தப் படுபாவி?"

"போயிட்டான்."

"ஏதாவது... சொன்னானா?"

துருவுகிற கை நின்றிருந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. இந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட இந்த மனுஷன் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை என்பது அலிசிக்கு இப்போதுதான் உறைத்தது. மிச்ச ஆயுளும் இவரோடுதான், இந்தக் கூரைக்குக் கீழேதான். கத்த வேண்டும்போல இருந்தது. நெஞ்சில் அறைந்து அழ வேண்டும்போல இருந்தது.

திறந்த வாசல் வழியே கடல் தெரிந்தது; 'கடலுக்குள்ள எறங்கிடுவார்' என்று மோசேசே சொன்னது நினைவுக்கு வந்தது.

"தப்பு என்னோடதுதான்னு மறுபடியும் சொல்லிட்டுப் போனான்" என்றாள்.