படத்தில் இரண்டு வீரம்மா

ஒரே படத்தில் வீரம்மா இரண்டு இடத்தில் நின்றாள்.

கண்டுபிடித்தது ரிஃப்னா. கணவன் சிப்னாஸின் தோளுக்குப் பின்னாலிருந்து கம்ப்யூட்டரைப் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இடது பக்கம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறதும் அவதான். வலது கோடியில குனிஞ்சு கொழுந்து எடுக்கிறதும் அவதான். அதே செவப்பு சுவெட்டர், அதே பச்சைத் துண்டு!"

சிப்னாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பூண்டுலோயா பஸாரில் ஸ்டூடியோ போட்டதிலிருந்து அவனுக்குக் கிடைத்த பெரிய ஓடர் இது. தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாச் சுவருக்குப் பன்னிரண்டு அடி நீளப் படம். மலைத்தொடர் முழுவதையும், அடிவாரத்தில் கொழுந்து எடுக்கும் பெண்களோடு, இடமிருந்து வலமாகப் பதினான்கு படமாக எடுத்து ஒன்றாக ஒட்டியிருந்தான். ஏழாவது படத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. அது விலகக் கால் மணி நேரம் காத்திருந்தான். அந்த நேரத்தில்தான் இவள் வலது பக்கம் போயிருக்கிறாள்.

"ரெண்டு தரம் படத்துல விழணும்னு ஆசை. என் பொழப்பைக் கெடுத்துப்புட்டாளே!"

கோபத்தோடு வீரம்மாவுக்குப் போன் போட்டான்.

"ஐயோ தம்பி, வலது பக்கம் நான் எடுத்தது என் கொழுந்து நிரை இல்லீங்க, கூட வேலை செய்யிற பூரணியோட நிரை," என்று அவள் பதறினாள். "புள்ளைக்குக் காய்ச்சல் முத்திப்போயி அவ கண்டி ஆஸ்பத்திரியில கெடக்குறா. லீவு முடிஞ்சு எட்டு நாளாச்சு. வேலைக்கு வரலைன்னு தெரிஞ்சா பேரை வெட்டிருவாங்க. அதான் ஓடி ஓடி அவ நிரையையும் நானே எடுக்குறேன்."

"காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டு ஆள் எண்ணுவாங்களே?"

"பனிமூட்டத்துல மூஞ்சி யாருக்குத் தெரியுது? அவ பேருக்கும் நானே 'வந்திருக்கேங்க'ன்னு சொல்லிருவேன். கண்டாக்கய்யா கண்ணுல படாம அழிச்சிருங்க தம்பி, புண்ணியமாப் போகும்!"

சிப்னாஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் மவுஸைத் தொடுவதற்குள் வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு நல்லமுத்து! பெரட்டுக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அன்றைக்குப் பேர் பதியாமல் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிற மனுஷர்.

"படம் முடிஞ்சிருச்சா தம்பி? நாளைக்குத் தொரைகிட்ட குடுக்கணும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். விரல் மெதுவாக மலைகளைத் தாண்டிப் போய் வலது கோடியில் நின்றது.

"அதுவும் வீரம்மா. இதுவும் வீரம்மா."

"மெஷின் பிழைங்க ஐயா. ஒட்டும்போது ரெண்டா வந்திருச்சு. இப்பவே அழிச்சிடுறேன்."

"எதை?"

"வலது பக்கம் இருக்கிறதை..."

"யாரைக் கேட்டு அழிப்பே?"

அவர் போட்ட சத்தத்தில் ரிஃப்னா கொண்டுவந்த பிளேன்டீ சாசரில் சிந்தியது.

பூரணிக்கு வேலை போனதுதான். மலையைப் படம் எடுக்கப் போய் ஒரு பிள்ளைக்காரியின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமே என்று சிப்னாஸ் தன்னையே நொந்துகொண்டான்.

கண்டாக்கு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சுவெட்டரை மட்டும் மஞ்சளாக்கு. துண்டை நீலமாக்கு. பூரணி அதைத்தான் போடுவா."

"ஐயா...?"

"என்ன ஐயா? எட்டு நாளா ஒரே தொண்டையில ரெண்டு பேரு 'வந்திருக்கேங்க'ங்குறாங்க. எனக்கென்ன காது செவிடா? பெரட்டுல வந்தவ, தொரை வீட்டுச் சுவத்துல மட்டும் வரலைன்னா எப்புடி?"