பொய் பிடிக்கும் அறுபது கேள்விகள்

“நாற்பத்து மூன்றாவது கேள்வி. பூட்டிய கதவைப் பார்த்தால் எனக்கு...”

“சிரிப்பு வரும். ஆமாவா, இல்லையா? அதானே? இல்லை,” என்றார் பெரியவர். “அடுத்தது போங்கம்மா.”

மனநல ஆலோசகருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போதை மறுவாழ்வு மையத்தில் அவள் சேர்ந்து மூன்றே வாரம். காலியாக இருந்தது ஒரே கட்டில், சோதனையில் தேறுகிறவருக்குத்தான் அது. தூக்க மாத்திரையை வேர்க்கடலை மாதிரி மென்று பழகிய இந்த மனிதரோ, கேள்வி முடிவதற்குள் பதிலைத் தட்டிவிடுகிறார். ‘அவசர புத்தி’ என்று தாளின் ஓரத்தில் கிறுக்கினாள்.

அடுத்த கேள்விக்கும் அதே கதைதான்.

“யார்கிட்டயோ கேள்வித்தாளை வாங்கி மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்க சார்!”

“மனப்பாடம் பண்ணலம்மா. மறக்க முடியல.”

அறுபதும் முடிந்ததும் கூட்டிப் பார்த்தாள். உண்மை பேசும் குணம், பத்துக்கு ஒன்று. திருந்தும் எண்ணம், சுத்தமாக இல்லை.

“மன்னிச்சிடுங்க சார். உங்களைச் சேர்த்துக்க முடியாது.”

பெரியவர் வாசல் பக்கம் கை காட்டினார். “வெளியே என் பொண்ணு பெட்டியோட உட்கார்ந்திருக்கா. இந்தத் தடவையும் திரும்பி வந்தா கதவைத் திறக்க மாட்டேன்னுட்டா. நிஜமாவே விட்டுடணும்னுதான் வந்தேன்.”

“பொய்னு சோதனை சொல்லுதே சார்!”

“சோதனை உளறுது.”

அவளுக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் உயிரைக் கொடுத்து உருப்போட்ட சோதனை அது. பூட்டிய கதவுக் கேள்வியின் உட்பொருளைப் பற்றி மட்டும் பேராசிரியர் இரண்டு வகுப்பு எடுத்தார். கடைசிவரை யாருக்கும் புரியவில்லை, அவருக்கும்தான். ஆனால் அந்த ஆழத்தை நினைத்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

“முப்பது வருஷமா ஆயிரக்கணக்கான பேரை எடை போட்ட சோதனை சார் இது! எழுதினவர் பெரிய மேதை! உளறல்னு சொல்ல உங்களுக்கு என்ன தகுதி இருக்கு?”

பெரியவர் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

“அந்த அறுபது கேள்வியையும் எழுதினப்போ நான் நிதானத்துலயே இல்லம்மா!”