வேண்டாத ரத்தம்

சலூன்காரர் ரத்தப் பரிசோதனை வண்டியின் படியில் கால் வைப்பதற்குள் நர்ஸுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது.

"வருஷா வருஷம் வந்து ரத்தத்தை உறிஞ்சறீங்களே சிஸ்டர், கொஞ்சமாவது மிச்சம் வைக்கணும்னு எண்ணம் இருக்கா?"

தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். பதினோரு வருஷமாக இதே கூத்து.

ஹெபடைட்டிஸ் பி கிருமி பல வருஷம் உடம்பில் தங்கினால் கல்லீரல் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. இந்தத் தெருவில் பதினெட்டுப் பேர். ஒன்பது பேருக்குக் கிருமி உண்டு. மற்ற ஒன்பது பேர், ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்தவர்கள். இந்தக் கணக்கு தெருவுக்கே தெரியும்; யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது நர்ஸின் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

சலூன்காரருக்கு இல்லை. ஒரு குறையும் இல்லாத உடம்பு, குறையெல்லாம் வாயில்தான்.

"அண்ணே, கத்தாதீங்க. உங்களுக்கு இனிமே ஊசியே கிடையாது. கிருமி இல்லாதவங்ககிட்ட ரத்தம் எடுக்கிறதை நிறுத்தச் சொல்லி மேலேர்ந்து உத்தரவு வந்திருக்கு. முதல் லெட்டர் உங்களுக்குத்தான்."

பீடை விட்டது என்று கடிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குத்துங்க."

"உங்க ரத்தம் வேண்டாங்கறேன்."

"பதினோரு வருஷமா இனிச்சுது, இப்ப கசக்குதா?"

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே பதினேழு பேர் காத்திருக்கிறார்கள். வா என்றால் கத்துகிறார், போ என்றால் உட்காருகிறார். இந்த மனுஷனை என்னதான் செய்வது?

"ஏண்ணே என் உயிரை வாங்கறீங்க? கத்தி பிடிச்சுத் தொழில் பண்றவர் இதுல ஏறினா வாடிக்கை போயிடுமேன்னு நானே கவலைப்பட்டிருக்கேன்."

"போச்சுதான். நாலஞ்சு பேர் வேற கடை பார்த்துட்டாங்க."

"அப்புறம் என்ன? கிருமி இல்லைன்னு இதுலயே போட்டிருக்கு. கடையில மாட்டி வைங்க."

சலூன்காரரின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது.

"முடி வெட்ட வர்றவன் எல்லாம் என்னைக் கேக்கறது ஒண்ணுதான் சிஸ்டர். அந்த வண்டியில ஏறுறவங்கள்ல யார் யாருக்கு வியாதின்னு. எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நானும்தான் ஏறுறேன், போய்யான்னு வாயை அடைச்சுடுவேன். இன்னிக்கு நாங்க ஒன்பது பேர் ரத்தம் கொடுக்காம இறங்கினா, மீதி ஒன்பது பேர் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுடும். அதுல கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு இருக்கலாம். ஓட்டல்ல பரிமாறிப் பிழைக்கறவர் இருக்கலாம்."

நீட்டிய கடிதத்தை நர்ஸ் மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தாள். இத்தனை வருஷம் பதிவேட்டை யார் கண்ணிலும் காட்டாமல் காத்தவள், இன்று ஒன்பது கடிதத்தைக் கொடுத்து அதைத் தெருவுக்கே படித்துக்காட்ட இருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ரத்தம் வேண்டாம்னா விடுங்க," என்று சலூன்காரர் கையை நீட்டினார். "எங்க ஒன்பது பேருக்கும் ஒரு பஞ்சை வெச்சு பிளாஸ்திரி ஒட்டி அனுப்புங்க. மீதியை நான் கீழே இறங்கிக் கத்திக்கறேன்."