தேசியப் பறவைக்கு ஒரு வாய் தண்ணீர்

நாய்கள் கடித்துப் போட்ட மயில் ஒன்று சுடுவெயிலில் சாலையோரம் கிடந்தது. சுற்றிலும் கூட்டம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது.

"காக்கா அண்ணே, ஒரு வாய் தண்ணி தரச் சொல்லேன்," என்றது மயில்.

"தொண்டை கிழியக் கத்திட்டேன். யாரும் கிட்ட வரமாட்டேங்கிறாங்க," என்றது மரத்திலிருந்த காகம்.

"நான் தேசியப் பறவைன்னு சொன்னியா?"

"அதனாலதான்டா பயப்படுறாங்க. தொட்டா கேஸாயிடுமாம். ஆபீசர் வரணுமாம்."

ஆபீசர் மறுநாள் வந்தார். செத்துக் கிடந்த மயிலுக்குத் தேசியக் கொடி போர்த்தி, சல்யூட் அடித்து, அங்கேயே புதைத்தார்கள். மண் இறுகட்டும் என்று ஒருவர் குழியின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்.

"இப்போ குடிடா தம்பி," என்றது காகம்.