ஏழாம் குறுக்குத் தெருவின் இருமல்

சதுப்பு நிலத்தை ஒட்டிய எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் பறவைக் கூடு கணக்கெடுக்கும் தன்னார்வலர். ஆறு வாரப் பயிற்சிக்கு அடித்துப் பிடித்துச் சேர்ந்தோம். ஆர்வமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கூடு பதிவானால் சுற்றி முந்நூறு அடிக்குள் இருக்கும் வீடுகளை ஒரே மாதத்தில் காலி செய்யவேண்டும். அந்தக் கணக்கை வெளியாள் எடுப்பதைவிட நாங்களே எடுப்பது நல்லதில்லையா?

இன்று காலை இறுதித் தேர்வு. தேர்வாளர் ராகவேந்திரன் என் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றார்.

"அமலோற்பவம், அந்தக் கோரைப் பக்கம் போலாமா?"

"அங்க பாம்பு இருக்கு சார்."

அவர் கேட்கவில்லை, நடந்தார். தெருக்காரர்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். அந்தக் கோரைக்குள் நீலத்தாழைக்கோழி நான்கு முட்டை இட்டிருந்தது. பயிற்சியில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். முட்டையிட்ட முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன்.

பத்தடி தூரத்தில் பறவை கத்தியது. நான் சத்தமாக இருமினேன். எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்கார யூசுப் இருமினார். பிறகு தெருவே இருமியது.

ராகவேந்திரன் திரும்பவில்லை. இருமல் ஓயும்வரை காத்திருந்தார். பறவை மறுபடி கத்தியது. இந்த முறை யாருக்கும் இருமல் வரவில்லை.

படிவத்தில் 'கூடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன்னார்வலர் அடையாள அட்டையை என் கையில் வைத்தார்.

"எங்க வீடு ஏரிக்கரையில இருக்கும்மா," என்றார் மெதுவாக. "அங்கயும் எல்லாருக்கும் இதே இருமல்தான்."